ஏர் பிஸ்டல்: தப்பிப்போன குண்டை வைத்துத் தவறைப் பிடிப்பது

நிற்கத் தெரியும். பிடிக்கத் தெரியும். குறிபார்க்க உதவும் தகடுகளான சைட்டுகளில், பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட்டை நேராக வைக்கத் தெரியும். ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்பதையும் ஆயிரம் முறை கேட்டாயிற்று. அப்படியும் 60 ஷாட்டில் ஸ்கோர் 600-க்கு 540 பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலை மனதில் வைத்து, வலது கைக்காரருக்காக எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் பிஸ்டலுக்கும் பின்னால் கொஞ்சம் உண்டு.

பல ரேஞ்சுகளில் சுவரில் ஒரு வட்டப் படம் தொங்கும். ஏழு மணித் திசையில் விழுந்தால் இந்தத் தவறு, மூன்று மணித் திசையில் விழுந்தால் அந்தத் தவறு என்று ராசிக்கட்டம் போலப் பிரித்து எழுதியிருப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அது உதவும். கொஞ்சம் தேறியவரை அந்தப் படம் அலைக்கழித்துவிடும். ஒரே இடத்தில் விழுந்த இரண்டு குண்டுகளுக்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம். அதனால் குண்டு விழுந்த இடம் மட்டும் தெரிந்தால் போதாது. அது அங்கேதான் போகும் என்பது சுட்ட கணத்தில் உங்களுக்குத் தெரிந்ததா என்பதும் வேண்டும்.

ஆகவே இன்றிலிருந்து ஒரு பழக்கம். சுட்டவுடன், குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் திரையையோ இலக்கு அட்டையையோ பார்க்கும் முன், குண்டு எங்கே போயிருக்கும் என்று மனதுக்குள் சொல்லுங்கள். "ஒன்பது, கொஞ்சம் இடது" என்கிற அளவுக்குச் சொன்னால் போதும். பிறகு பாருங்கள். இதைக் கணிப்பு என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, கணிப்பும் குண்டும் ஒத்துப்போனதா என்பதுதான். ஒத்துப்போனால் தவறு நடக்கும்போது நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள், நிறுத்தத்தான் முடியவில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் தவறு நடக்கும் கணத்தில் உங்கள் கண் வேறெங்கோ இருக்கிறது, அல்லது குறை கருவியில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

குறிப்பில் பல இடங்களில் டிரை ஃபயர் வருகிறது, அதாவது குண்டு இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது. பேரலில் பெல்லட் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) இல்லை என்று கண்ணால் பாருங்கள், பெல்லட் டப்பாவை வேறு அறையில் வையுங்கள், அப்போதும் ஆள் நடமாட்டம் இல்லாத திசையில் மட்டும் நீட்டுங்கள். ரேஞ்சில் நடுவர் இல்லை என்பதற்காக வீட்டில் விதி தளர்வதில்லை.

கொஞ்சம் கணக்கு

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு அவசியம். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப்பின் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 16 மி.மீ. கூடுகிறது. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ.; கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பு கிடைக்கும். கூட்டிக் கழித்தால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் பத்து, 16-க்குள் ஒன்பது, 24-க்குள் எட்டு, 32-க்குள் ஏழு.

சைட்டை மாற்றாமல் கை மட்டும் மொத்தமாக 7 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் அதே 7 மி.மீ. நகரும். இன்னும் பத்துதான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 33 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் வெறும் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் அது 30 மி.மீ. ஆகிவிடும். பத்து போக வேண்டியது ஏழு. கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம், சைட் கோணுவதைக் கவனிக்காமல் விடுகிறோம். நடுத்தர நிலையில் இருப்பவர்களின் தவறுகளில் பெரும்பகுதி இந்தத் தலைகீழ்ப் பயத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். கீழே போகப் போக நீங்களே பார்ப்பீர்கள்.

குரூப் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் மையத்தில் இல்லை

குரூப் என்றால் குண்டுகள் சேர்ந்து விழுந்த கூட்டம். பார்க்க எளிதாகத் தெரியும் வியாதி இது; அதனாலேயே அவசரமாக மருந்து கொடுத்துக் கெடுக்கிறோம். கை உடனே சைட் திருகுக்குப் போகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பிடியில் புதிதாகப் பொருத்தி, மறுபடி ஐந்து ஷாட். குரூப் இடம் மாறிவிட்டதா? அப்படியென்றால் கை பிடியில் உட்காரும் விதம் மாறுகிறது. மாறாமல் அதே இடத்தில் விழுகிறதா? அடுத்தது கால். இலக்கைப் பார்த்து நின்று, கையை உயர்த்தி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். சைட் இலக்கின் வலப்புறமோ இடப்புறமோ நின்றால் உடல் அங்கேதான் இயல்பாகப் போக விரும்புகிறது. கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். பின்காலை ஒரு விரற்கடை நகர்த்துங்கள், மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். கால் மாறினால் பக்கவாட்டு விலகல் தானே போய்விடும்.

இரண்டும் சரி, குரூப் இன்னும் அங்கேயே என்றால் திருகைத் தொடலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட் நகர வேண்டும். ஒரு குண்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள்; குறைந்தது ஐந்து, அதுவும் கணிப்பில் சுத்தமாக இருந்த ஐந்து. நான் ஒரு போட்டியில் இதை மறந்து, ஒவ்வொரு ஒன்பதுக்கும் ஒரு கிளிக் வைத்துக்கொண்டே போனேன். கடைசி சீரிஸில், அதாவது கடைசிப் பத்து ஷாட்டில், சைட் ஆரம்பித்த இடத்திலேயே இருந்தது. ஸ்கோர் மட்டும் ஆரம்பித்த இடத்தில் இல்லை.

குண்டுகள் இடது கீழ் மூலைக்கு ஓடுகின்றன

வலது கைக்காரரின் பரம்பரை வியாதி. "ட்ரிகரை இழுக்கிறாய்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சரிதான், ஆனால் எப்படி இழுக்கிறோம் என்பதில் மூன்று வகை இருக்கிறது.

முதல் வகையில் விரலோடு சேர்ந்து கை முழுவதும் இறுகும். விரல் மட்டும் தனியாக அசைய நம் கை பழகவில்லை, ஆள்காட்டி விரல் மடங்கும்போது மற்ற மூன்றும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: வெறுங்கையை, பிஸ்டல் பிடிப்பது போல் வைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் மெதுவாக மடக்குங்கள். இடது கையால் வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். தசை துடிக்கிறதா? அதே துடிப்பு பிஸ்டலிலும் இருக்கும். இதற்கு மருந்து, ட்ரிகரைத் தொடும் முன்பே பிடியின் இறுக்கத்தை முடிவு செய்து, ஷாட் முடியும்வரை அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் வைத்திருப்பது. எவ்வளவு இறுக்கம் என்பதைவிட அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

இரண்டாம் வகையில் விரல் மட்டுமே குற்றவாளி. அது நேர் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. அப்போது குண்டு கீழே அதிகம் போகாது, இடது அல்லது வலது மட்டும் தெரியும். ட்ரிகர் தகடு விரலின் முதல் மூட்டுக்கு முன்னுள்ள சதையில் படுகிறதா, விரலின் மீதிப் பகுதி பிடியின் மரத்தில் உரசாமல் விலகி நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்களில் ட்ரிகர் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், திருப்பவும் செய்யலாம். அதை ஒரு தடவைகூடத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் சுடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் தந்திரமானது: வெடிக்கப் போகிறது என்று தெரிந்து உடல் முன்கூட்டியே எதிர்வினை காட்டுவது. ஏர் பிஸ்டலில் உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லையே, எதற்கு உடல் பயப்பட வேண்டும் என்று கேட்கலாம். உடல் இங்கே பயப்படுவது உதைப்புக்கு அல்ல, முடிவுக்கு. சைட் அழகாக நின்ற ஒரு கணத்தில் "இப்போ!" என்று மூளை கத்துகிறது, கை அதற்குக் கீழ்ப்படிகிறது. சோதிக்க ஒரு துணை வேண்டும். நீங்கள் பார்க்காதபடி அவர் சில முறை பெல்லட் போட்டும் சில முறை போடாமலும் பிஸ்டலை உங்கள் கையில் தரட்டும். இரண்டையும் குண்டு இருப்பதாகவே நினைத்து, இலக்கை நோக்கி மட்டும் நீட்டிச் சுடுங்கள். குண்டு இல்லாத ஷாட்டில் முன் சைட் கீழே குனிந்தால் திருடன் அகப்பட்டான்.

இதற்குச் சரியான பயிற்சி வெள்ளைச் சுவர். இலக்கே இல்லாத வெறும் சுவரை நோக்கி, முன் சைட்டை மட்டும் பார்த்து, நாளுக்கு 20 முதல் 30 டிரை ஃபயர். இலக்கு இல்லாததால் "இப்போ!" என்று கத்த மூளைக்கு எதுவும் கிடைக்காது. சைட் அசையாமல் ட்ரிகர் விடுபடுவது எப்படி இருக்கும் என்பதை விரல் அங்கேதான் கற்றுக்கொள்கிறது. சலிப்பாக இருக்கும். எனக்கும் சலிப்புதான்.

ட்ரிகர் எடையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். விதிப்படி ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம். அதில் பெரும்பங்கை, ட்ரிகர் விடுபடும் முன் வரும் முதல் நிலையிலேயே வைத்து, விடுபடும் இரண்டாம் நிலைக்குச் சிறு மிச்சத்தை விடும்படி பலர் அமைத்துக்கொள்வார்கள். முதல் நிலையை விரல் எடுத்து முடித்த பிறகு மிச்சம் லேசாக இருந்தால் இழுப்பதற்கான ஆசையும் குறைகிறது. மிகவும் லேசாக வைத்தாலோ, விரல் ட்ரிகரைத் தொடவே பயப்படும். அதுவும் ஒரு வியாதி.

மேலும் கீழுமாக ஒரு கோடு போல விழுகின்றன

இடம் வலம் சரியாக இருந்து உயரம் மட்டும் அலைந்தால் முதலில் எங்கே குறிவைக்கிறீர்கள் என்று கேட்பேன். முன் சைட்டின் மேல்விளிம்பு கருவட்டத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். தொடுகிறதா, இல்லையா, கொஞ்சம் உள்ளே போய்விட்டதா என்று கண் அந்த மெல்லிய கோட்டைச் சரிபார்க்கப் போகும். போகும்போது முன் சைட் மங்கும், அதன் உயரம் பின் சைட்டோடு சமமாக இருக்கிறதா என்பது தவறிப்போகும். கருவட்டத்துக்குக் கீழே ஒரு வெள்ளை இடைவெளி தாராளமாக விட்டு, அந்த வெள்ளைப் பகுதியில் சைட் மிதக்கட்டும். அதற்கேற்ப பின் சைட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். முதல் வாரம் எங்கே குறிவைக்கிறோம் என்றே தெரியாதது போல இருக்கும். குரூப் மட்டும் சுருங்கியிருக்கும்.

அடுத்தது மணிக்கட்டு. கணுக்கை பூட்டினாற்போல் இல்லை என்றால் முன் சைட் தலையாட்டும். அப்புறம் மூச்சு: உள்ளிழுத்து, பாதி விட்டு, அந்த இடத்தில் நிறுத்துவது என்றால் ஒவ்வொரு முறையும் அதே பாதியாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தும் குண்டுகள் சீரிஸின் போக்கில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் உங்களைத் திட்டிக்கொள்ளும் முன் சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். காற்று தீரும்போது வேகம் குறைந்து குண்டு தாழும்.

பக்கவாட்டில் சிதறுகின்றன

மேலே சொன்ன கால் நிலை, விரல் தள்ளுவது இரண்டையும் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பேருக்கு, பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட்டின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கோடுகள் மிகக் குறுகலாகவோ மிக அகலமாகவோ இருக்கும். மிகக் குறுகலானால் சமமா இல்லையா என்று கண்ணுக்கே தெரியாது. பள்ளத்தின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

ஒன்பதும் பத்துமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஓர் ஆறு

இங்கேதான் 540-க்கும் 560-க்கும் நடுவிலுள்ள சுவர் நிற்கிறது. நல்ல ஷாட்டை இன்னும் நல்லதாக்குவதால் கிடைக்கும் புள்ளிகளைவிட, இந்த ஆறு ஏழுகளை ஒழிப்பதால் கிடைக்கும் புள்ளிகள் அதிகம். சீரிஸுக்கு ஒன்று என்று வைத்தாலும் போட்டிக்கு ஆறு வந்துவிடுகிறது.

பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அப்படித் தப்பிய ஷாட்டுகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். குறிப்பு இல்லை என்றால் அடுத்த பத்து ஆறுகளுக்கு எழுதுங்கள். என் புத்தகத்தில் ஒரே வாக்கியம்தான் மாறி மாறி வந்தது: "ரொம்ப நேரம் பிடித்திருந்தேன், தெரியும், விட்டுவிட்டேன்."

நடப்பது இதுதான். சைட் இலக்குப் பகுதிக்கு இறங்கி நிலைகொண்டதும் சில நொடிகள் ஓரளவு அமைதி இருக்கும். அந்த அமைதிக்குள் ட்ரிகர் விடுபடவில்லை என்றால் கை ஆடத் தொடங்கும், கண் உறைந்து பார்க்கத் தொடங்கும். கண் அசையாமல் ஒரே படத்தை வெறித்தால் மூளை பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சைட் நகர்ந்தது தெரியாது. அந்த நேரத்தில், "இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இப்போது இறக்குவதா?" என்று ஒரு கஞ்சத்தனம் வருகிறது. விரல் அழுத்துகிறது. ஆறு.

மருந்து, கையை இறக்குவது. எளிதாகச் சொல்லிவிட்டேன். செய்ய எளிதல்ல, அதனால் இதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். சைட் நிலைகொண்டதிலிருந்து மனதுக்குள் எட்டு எண்ணுங்கள். எட்டுக்குள் விடுபடவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறலாம், ஆனால் பயிற்சியில் முடிவு செய்த எண்ணைப் போட்டியில் நீட்டக் கூடாது. இன்னொன்று: பயிற்சியில் ஐந்து ஷாட்டுக்கு ஒன்றை, அது எவ்வளவு அழகாக நின்றாலும், வேண்டுமென்றே இறக்குங்கள். முதல் நாள் வயிறு எரியும். ஆனால் இறக்குவது தோல்வி இல்லை என்று உடல் கற்றுக்கொள்வது அப்படித்தான். போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் கொடுக்கிறார்கள். ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக 75 நொடி வருகிறது. பத்துப் பதினைந்து முறை இறக்கினாலும் நேரம் மிஞ்சும்.

இந்த ஆறுகளில் இன்னொரு வகையும் உண்டு. தொடர்ந்து நான்கு பத்து வந்துவிட்டது, ஐந்தாவதும் வரட்டும் என்று கண் முன் சைட்டை விட்டு இலக்குக்குத் தாவும். கருவட்டம் கூர்மையாகத் தெரிகிறதே என்று தோன்றினால் அதுவே எச்சரிக்கை மணி. முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகவும் கருவட்டம் மங்கலான சாம்பல் பந்தாகவும் தெரிய வேண்டும். மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: இலக்கு மங்கினால் ஓரிரு மி.மீ. போகும், சைட் மங்கினால் ஓரிரு வளையம் போகும்.

சைட் சரியாக இருந்தது, குண்டு வேறெங்கோ

கணிப்பு பொய்த்துப்போகும் வகை. இதில் முதல் சந்தேகம் சுட்ட பிறகு நடப்பதன் மேல். ட்ரிகர் விடுபட்டதிலிருந்து பெல்லட் பேரலை விட்டு வெளியேற நொடியின் ஆயிரத்தில் சில பங்கு ஆகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. ஆனால் "சுட்டாயிற்று" என்று தளரும் பழக்கம் அந்தச் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்காகக் காத்திருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து, ட்ரிகர் விடுபடும் முன்பே தொடங்கிவிடும். சுட்ட பிறகும் இரண்டு நொடி விரலை ட்ரிகரிலேயே வைத்து, முன் சைட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சுட்ட கணத்தில் முன் சைட் எந்தப் பக்கம் துள்ளி எங்கே வந்து நின்றது என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்தக் கணத்தில் கண் மூடியது, அல்லது திரைக்கு ஓடிவிட்டது. இரண்டுமே சகஜம். திரையை ஒரு சீரிஸுக்கு அட்டையால் மறைத்துவிட்டுச் சுடுவது நல்ல வைத்தியம்.

அதுவும் சுத்தம் என்றால் கருவியைச் சோதியுங்கள். மெத்தை போன்ற ஒன்றின் மேல் பிஸ்டலைத் தாங்கவைத்து, உட்கார்ந்து, பத்து ஷாட். அப்போதும் சிதறினால் வரிசையாக: பின் சைட் ஆடுகிறதா, பிடியின் திருகு தளர்ந்திருக்கிறதா, பேரல் திருகுகள் இறுக்கமா, பெல்லட்டின் விளிம்பு டப்பாவில் நசுங்கியிருக்கிறதா. கடைசியாகத்தான் வேறு பெல்லட் வாங்கிப் பார்ப்பது. ஒரு முறை மூன்று வாரம் மணிக்கட்டைச் சபித்துக்கொண்டிருந்தேன். பிடியின் அடியில் இருந்த ஒரு திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு நாள் திருகுப் பரிசோதனை உண்டு.

பயிற்சியில் வருகிறது, போட்டியில் வருவதில்லை

இதயத் துடிப்பு ஏறும், கை வழக்கத்தைவிட அதிகம் ஆடும். அது போகாது. போக வைக்க முயல்கிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். ஆட்டம் கூடினாலும் சைட் நேராக இருந்தால் குண்டு எட்டுக்கும் பத்துக்கும் நடுவே எங்காவது விழும். ஆட்டத்தை நிறுத்த நினைத்து இறுக்கினால் ஆறு.

செய்யக்கூடியது, ஷாட்டின் வரிசையைச் சின்ன வார்த்தைகளாக்கி எழுதிவைத்து ஒவ்வொரு முறையும் அதையே சொல்லிக்கொள்வது. "பிடி, மூச்சு, இறங்கு, சைட், அழுத்து, பார்." உங்களுக்குப் பிடித்த வார்த்தைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய 15 நிமிடத் தயாரிப்பு நேரத்தில் எத்தனை சோதனை ஷாட் வேண்டுமானாலும் சுடலாம். பலர் அதை முழுக்கச் சுட்டே தீர்த்துவிட்டு முதல் ஷாட்டுக்குக் களைப்பாக வருகிறார்கள். பாதி நேரம் டிரை ஃபயருக்குக் கொடுங்கள்.

நடுவில் ஏதாவது உடைந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே ஒத்திகை பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாகரின் பிஸ்டல் பழுதாகி, பல நிமிடங்கள் போன பிறகு வந்து சுட்டார். 575 எடுத்து 12-ஆம் இடம். இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. அதே பிரிவில் 2024-ல் பாரிஸில் வெண்கலம் வாங்கினார். நேரம் குறையும்போது எந்த வேகத்தில் சுடுவேன் என்று தெரிந்திருக்க, மாதத்தில் ஒரு நாள் 60 ஷாட்டை 50 நிமிடத்தில் முடித்துப் பார்க்கலாம்.

கடைசி 20 ஷாட்டில் சரிகிறது

தோள். வேறு பெரிய ரகசியம் இல்லை. பிஸ்டலைக் குறிவைத்த நிலையில் 30 நொடி பிடித்து, 30 நொடி ஓய்வு, பத்து முறை. வாரத்தில் மூன்று நாள். கூடவே ஷாட்டுகளுக்கு நடுவே கையை மேசையில் இறக்கி ஓய்வு கொடுக்கிறீர்களா, கண்ணைத் தூரத்தில் உள்ள மங்கலான ஏதாவதொன்றில் உலவ விடுகிறீர்களா என்று பாருங்கள். பலர் கையை ஓய்வெடுக்க விட்டு, கண்ணால் திரையைத் துருவிக்கொண்டிருப்பார்கள்.

25 மீட்டர் வேகச் சுற்றில் முதல் குண்டு தாமதம், அல்லது அவசரம்

25 மீட்டர் பிஸ்டலின் வேகச் சுற்றில் இலக்கு 3 நொடி காட்டும், 7 நொடி மறையும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குண்டு. கை 45 பாகைக்குக் கீழே காத்திருக்க வேண்டும். ட்ரிகர் இங்கே 1000 கிராம். ஏர் பிஸ்டலிலிருந்து வருபவர்கள் கையை உயர்த்தி, நிறுத்தி, சைட்டைப் பார்த்து, அப்புறம் அழுத்தத் தொடங்குகிறார்கள். 3 நொடிக்குள் அது அடங்காது. கடைசி அரை நொடியில் இழுத்துவிடுவார்கள், குண்டு தாழ இடப்புறம் போகும்.

கை மேலே வரும்போதே ட்ரிகரின் முதல் நிலையை எடுத்துவிட வேண்டும். கண் கையோடு சேர்ந்து மேலே வரக் கூடாது. முன் சைட் வந்து நிற்கப்போகும் உயரத்தில் முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். சைட் கண்ணுக்குள் வந்து சேரும்போது கை வேகத்தைக் குறைக்கிறது, விரல் வேகத்தைக் கூட்டுகிறது. பத்தாம் வளையத்தின் விட்டம் துல்லியச் சுற்று இலக்கில் 50 மி.மீ., வேகச் சுற்று இலக்கில் 100 மி.மீ. இந்த இரு மடங்கு இடம் வேண்டும் என்றே கொடுக்கப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதலில் குண்டு இல்லாமல், 3 நொடி ஒலி கொடுக்கும் கடிகாரம் ஒன்றை வைத்து, தூக்குவதை மட்டும் பழகுங்கள்.

எதுவும் பொருந்தவில்லை, ஆனால் முன் சைட் கூர்மையாகவே தெரியவில்லை

அப்போது பயிற்சியாளரைவிடக் கண் மருத்துவரிடம் போவது லாபம். 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் கண் குவிவது தானே தளரும். மருத்துவரிடம், "படிக்கும் தூரம் இல்லை, தூரப்பார்வையும் இல்லை, நீட்டிய கையின் நுனியில் ஒரு கறுப்புத் தகட்டின் விளிம்பு தெரிய வேண்டும்" என்று சொல்லுங்கள். கண்ணிலிருந்து முன் சைட்வரை நாடா வைத்து அளந்துகொண்டு போனால் இன்னும் நல்லது. தூரப்பார்வைக்கான எண்ணோடு +0.50 அல்லது +0.75 டயாப்டர் (கண்ணாடித் திறனின் அலகு) கூட்டிப் பார்ப்பது வழக்கம். கண்ணாடி போட்டபின் கருவட்டம் முன்பைவிட மங்கலாகத் தெரியும். மேலே சொன்ன காரணத்தால் அது பரவாயில்லை.

வலது கையால் சுட்டு, இடது கண் ஆதிக்கக் கண்ணாக இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: சில நேரம் இரண்டு முன் சைட் தெரியும். இடது கண்ணை இறுக்கி மூடினால் வலது கண்ணும் சேர்ந்து சுருங்கும், களைக்கும். மூடுவதற்குப் பதில் மறைப்புத் தகடு போடுங்கள். விதி 30 மி.மீ. அகலம்வரை அனுமதிக்கிறது. பாதி ஒளி புகும் வெள்ளைத் தகடு நல்லது. கறுப்புத் தகடு போட்டால் திறந்திருக்கும் கண்ணின் பாவையும் விரிந்துவிடும். பாரிஸில் சிறப்புக் கண்ணாடியும் மறைப்பும் இல்லாமல் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் திகெச்சைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்த சிலரைத் தெரியும். அவர் இரண்டு கண்ணையும் திறந்து சுடுவதற்குப் பல ஆண்டு பழகியவர்.

கையையே மாற்றிவிடலாமா என்றும் கேட்பார்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன். ஹங்கேரியின் கரோய் தகாச் 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை படுகாயமடைந்து, இடது கையால் புதிதாகப் பழகி, 1948-லும் 1952-லும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்ற தனிப் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு ஒரு சிறு வெள்ளைத் தகடு போதும். முதலில் அதை மாட்டி ஒரு மாதம் சுட்டுப் பாருங்கள்.